மலேரியாவில் இரத்தம் உறைதல்: ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு



சித்தூர், திருப்பதி ஆகிய இரு மாவட்டங்களிலும் மழைக்காலம் தொடங்கியதும் மருத்துவமனைகளுக்குக் காய்ச்சல் நோயாளிகள் வரத் தொடங்குகின்றனர். அவர்களில் பலருடைய இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஒரே குறிப்பைக் காணலாம். பிளேட்லெட் என்று வழங்கும் தட்டணுக்கள் குறைந்துள்ளன என்பதே அது. இந்தக் குறிப்பைக் கண்டவுடன் டெங்கு என்று எண்ணுவது இன்று வழக்கமாகிவிட்டது. குடும்பத்தார் இரத்த வங்கியைத் தேடி ஓடுகின்றனர். ஆனால் அதே அறிக்கை மலேரியாவின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். அவ்வாறு இருந்து அதை நாம் கவனியாமல் விட்டால், நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய மருந்து கிடைக்காமல் போகிறது. பால்சிபாரம் வகை மலேரியாவில் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

மலேரியா நோயாளிகளின் இரத்தம் உறையும் தன்மையை ஆய்வுக்கூடத்தில் எவ்வாறு சோதிக்க வேண்டும், அச்சோதனைகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லா என்பது பற்றிச் சில கருத்துக்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

குறைந்துவரும் நோயும் மறந்துவிடும் ஆபத்தும்

சுதந்திரம் பெற்ற காலத்தில் நம் நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 7.5 கோடி மக்கள் மலேரியாவால் பீடிக்கப்பட்டனர். சுமார் 8 லட்சம் பேர் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பட்டன. 1960-களின் நடுவில் நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது. நோய் ஒழிந்தது என்று பலரும் எண்ணினர். கண்காணிப்பு தளர்ந்தது. கொசுக்கள் பூச்சிமருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெற்றன. 1976-இல் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது. அடுத்த ஆண்டே திட்டத்தைத் திருத்தியமைக்க வேண்டியதாயிற்று.

இன்று மீண்டும் நாம் ஒரு நல்ல கட்டத்தில் இருக்கிறோம். 2015-இல் 11.69 லட்சமாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2023-இல் 2.27 லட்சமாகக் குறைந்தது. பதிவான மரணங்கள் 384-லிருந்து 83 ஆயின. 2030-ஆம் ஆண்டிற்குள் மலேரியாவை அகற்றுவது நாட்டின் இலக்கு. ஆனால் நோய் குறையக் குறைய வேறொரு சிக்கல் தோன்றுகிறது. மலேரியா ஒட்டுண்ணியை மைக்ராஸ்கோப்பில் அடிக்கடி கண்ட கண்கள் ஓய்வு பெறுகின்றன. புதிதாக வரும் பணியாளர் மாதக்கணக்கில் ஒரு ஒட்டுண்ணியைக்கூடக் காண்பதில்லை. எதிர்பாராத நோயைக் கண்டுபிடிப்பது கடினம்.

நம் பகுதிக்கு இது பெரிதும் பொருந்தும். திருமலைக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் நாள்தோறும் பல்லாயிரம் யாத்திரிகர்கள் வருகின்றனர். சத்தியவேடு பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கும், கட்டட வேலைகளுக்கும் கிழக்கு மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வருகின்றனர். பால்சிபாரம் ஒட்டுண்ணி உடலில் நுழைந்து 7 முதல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் காய்ச்சல் காண்கிறது. ஆகவே ஒடிசாவின் மலைப்பகுதியிலோ, ஆந்திரத்தின் வடகோடிப் பழங்குடிப் பகுதியிலோ கொசு கடித்தவருக்குத் திருப்பதியில் காய்ச்சல் வருவது முற்றிலும் இயற்கை. உள்ளூரில் மலேரியா அரிது என்பதால் நம்மிடம் வரும் நோயாளிக்கும் மலேரியா இராது என்று கருதிவிட முடியாது.

இரத்தம் எவ்வாறு உறைகிறது?

மாணவர்களின் பொருட்டு அடிப்படையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். இரத்தக் குழாயில் காயம் ஏற்பட்டால் முதலில் தட்டணுக்கள் அவ்விடத்தில் ஒட்டிக்கொண்டு தற்காலிக அடைப்பை உண்டாக்குகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சாதாரணமாக 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் தட்டணுக்கள் உள்ளன. பிறகு, பெரும்பாலும் கல்லீரலில் உற்பத்தியாகும் உறைபுரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. இத்தொடரின் இறுதியில் திராம்பின் என்ற பொருள் உண்டாகி, கரைந்த நிலையில் உள்ள பைப்ரினோஜனைப் பைப்ரின் என்ற நூல்வலையாக மாற்றுகிறது. அந்த வலை தட்டணு அடைப்பை உறுதிப்படுத்துகிறது. இவற்றுக்கு எதிராக, உறைதலைத் தடுக்கும் புரதங்களும், உறைந்ததைக் கரைக்கும் பொருள்களும் இரத்தத்தில் உள்ளன. ஒரு பக்கம் தாழ்ந்தால் இரத்தம் கசியும். மறு பக்கம் தாழ்ந்தால் குழாய்களுக்குள்ளேயே இரத்தம் உறையும்.

மலேரியா இந்தச் சமநிலையைப் பல வழிகளில் குலைக்கிறது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உடலின் எதிர்ப்புப் பொருள்கள் அவற்றில் படிந்து அழிவுக்குக் காரணமாகின்றன. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்களோடும் குழாய்ச் சுவரோடும் ஒட்டிக்கொண்டு மேலும் பல தட்டணுக்கள் செலவாகின்றன. பால்சிபாரம், வைவாக்ஸ் ஆகிய இரு வகைகளிலும் தட்டணுக் குறைவு காணப்படுகிறது.

பால்சிபாரத்திற்கென்று ஒரு தனிக் கொடுமை உண்டு. அது புகுந்த சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒட்டும் தன்மையுள்ள புரதம் தோன்றுகிறது. அதனால் அந்த அணு மூளை போன்ற உறுப்புக்களின் நுண்குழாய்ச் சுவரில் பற்றிக்கொள்கிறது. இந்த ஒட்டுப் புரதங்களில் சில, உறைதலை அடக்கும் புரதம்-சி என்பது செயல்படத் தேவையான ஏற்பியையே பிடித்துக்கொள்கின்றன என்று 2013-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. உறைதலைத் தடுக்கும் காவல் எங்கே தேவையோ, அங்கேயே அது செயலிழக்கிறது.

இருந்தும், மலேரியாவில் தட்டணுக்கள் எவ்வளவு குறைந்தாலும் பெரிய இரத்தக் கசிவு ஏற்படுவது அரிதே. கடும் மலேரியா கண்ட பெரியவர்களிலும் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவர்களிடமே அது காணப்படுகிறது. ஆகவே தட்டணு எண்ணிக்கையை மட்டும் கண்டு அஞ்சுவது தேவையற்றது. ஆனால் பல் ஈறு, மூக்கு, ஊசி குத்திய இடம் ஆகியவற்றிலிருந்து இரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ அது கடும் மலேரியாவின் அடையாளங்களுள் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அப்போது உறைவுச் சோதனைகள் உடனே தேவைப்படுகின்றன.

சோதனைகளின் வரிசை

முதற் சோதனை இரத்தப் பூச்சு. தட்டணுக் குறைவுடன் காய்ச்சல் வரும் எவருக்கும், டெங்குச் சோதனைக்கு அனுப்பும் அதே வேளையில் தடித்த பூச்சும் மெல்லிய பூச்சும் தயாரிக்க வேண்டும். தடித்த பூச்சு ஒட்டுண்ணி உண்டா என்று காட்டும். மெல்லிய பூச்சு அது எந்த வகை என்று காட்டும். ஜே.எஸ்.பி. என்று நம் ஆய்வுக்கூடங்களில் வழங்கும் சாயம், ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி ஆகிய இரு இந்திய ஆராய்ச்சியாளர்கள் 1940-களில் உருவாக்கியது. மலிவானது, விரைவானது. துரிதச் சோதனைப் பட்டை இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். முதற் பூச்சில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சந்தேகம் நீங்காவிட்டால், 12 முதல் 24 மணி நேரத்திற்குள் மீண்டும் பார்ப்பது அவசியம்.

இரண்டாவது, தட்டணு எண்ணிக்கை. தானியங்கிக் கருவி தரும் எண்ணை அப்படியே நம்புவது தவறு. சிலருடைய இரத்தம் ஈ.டி.டி.ஏ. என்னும் உறைதடுப்புப் பொருளில் திரண்டு கட்டியாகும். கருவி அந்தக் கட்டிகளைத் தட்டணுக்களாக எண்ணாது. எண்ணிக்கை பொய்யாகக் குறையும். உடைந்த சிவப்பணுத் துண்டுகளைத் தட்டணுவென்று எண்ணிக் கருவி கூட்டியும் காட்டலாம். மைக்ராஸ்கோப்பின் எண்ணெய் வில்லையில் ஒரு பார்வைப் பரப்பில் காணும் ஒவ்வொரு தட்டணுவுக்கும் சுமார் 15,000 என்று கணக்கிட்டால், கருவியின் எண் மெய்யா என்பது புலப்படும். ஒட்டுண்ணியைத் தேடும் அதே பூச்சே இதற்குப் போதும்.

மூன்றாவது, உறைவு நேரச் சோதனைகள். இவற்றுள் முதன்மையானது, அமெரிக்க விஞ்ஞானி ஆர்மண்ட் குவிக் 1935-இல் வெளியிட்ட புரோத்ராம்பின் நேரம். பிளாஸ்மாவுடன் திராம்போபிளாஸ்டினையும் கால்சியத்தையும் சேர்த்து, உறைய எத்தனை விநாடிகள் ஆகின்றன என்று பார்க்கிறோம். சாதாரணமாக 11 முதல் 14 விநாடிகள் ஆகும். ஏ.பி.டி.டி. என்னும் சோதனை உறைதலின் மற்றொரு பாதையை அளக்கிறது. கடும் மலேரியாவில் கல்லீரல் பாதிக்கப்பட்டாலோ, உறைபுரதங்கள் செலவாகிவிட்டாலோ இவ்விரு நேரங்களும் நீளும். திராம்போபிளாஸ்டினின் ஒவ்வொரு தொகுதியும் வெவ்வேறு ஆற்றல் உடையது. ஆகவே நோயாளியின் மாதிரியோடு ஆரோக்கியமான ஒருவரின் மாதிரியையும் சோதித்து இரண்டையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

நான்காவது, பைப்ரினோஜன், டி-டைமர் சோதனைகள். இவற்றைப் பொருள்கொள்ளும்போது எச்சரிக்கை தேவை. மலேரியாக் காய்ச்சலில் டி-டைமர் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். அதை மட்டும் வைத்து இரத்தம் உடலெங்கும் உறைகிறது என்று முடிவு கட்டலாகாது. பைப்ரினோஜனோ காய்ச்சல் காலத்தில் இயல்பாகவே பெருகும். ஆதலால் அது சாதாரண அளவில் இருந்தாலும், ஒரு பகுதி செலவாகியிருக்கக்கூடும். மாற்றம் தெரிய இரண்டு முறை அளப்பதே சிறந்தது.

இவையனைத்தையும் ஒன்று சேர்த்து மதிப்பெண் இடும் முறையைச் சர்வதேச இரத்த உறைவியல் சங்கம் 2001-இல் வகுத்தது. தட்டணுக்கள் 50,000-க்குக் கீழ் இருந்தால் 2 மதிப்பெண். 50,000 முதல் ஒரு லட்சம் வரை 1. புரோத்ராம்பின் நேரம் 3 முதல் 6 விநாடிகள் நீண்டால் 1, அதற்கு மேல் 2. டி-டைமர் மிதமாக உயர்ந்தால் 2, மிகுந்தால் 3. பைப்ரினோஜன் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் 1. கூட்டுத்தொகை 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடலெங்கும் இரத்த உறைவு நிகழ்கிறது என்று கருதலாம். தனி எண்களைவிட இந்தக் கூட்டுப் பார்வை நம்பத்தக்கது.

இரத்தம் எடுக்கும் கை

இவ்வளவு நுட்பமான சோதனைகளும் இரத்தம் எடுக்கும் முறை தவறினால் பயனற்றவை ஆகிவிடும். உறைவுச் சோதனைக்கு 3.2 சதவீதச் சோடியம் சிட்ரேட் அடங்கிய குழாய் வேண்டும். 9 பங்கு இரத்தத்திற்கு 1 பங்கு சிட்ரேட் என்பது விதி. குழாயில் 0.3 மில்லிலிட்டர் சிட்ரேட் இருந்தால் இரத்தம் 2.7 மில்லிலிட்டர் இருக்க வேண்டும். காய்ச்சலால் வாடிய குழந்தையிடமிருந்து எடுத்த சிறிதளவு இரத்தத்தை அக்குழாயில் விட்டுவிட்டால், மிகுந்த சிட்ரேட் சோதனையில் சேர்க்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உறைவு நேரம் பொய்யாக நீளும். இல்லாத நோய்க்கு மருத்துவர் சிகிச்சை தேட நேரும்.

குளுகோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையில் இரத்தம் எடுக்கக் கூடாது. ஊசி ஒரே குத்தில் நரம்பில் சேர வேண்டும். குழாயை மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல், வெயிலிலும் விடாமல், நான்கு மணி நேரத்திற்குள் சோதனை முடிய வேண்டும். கோடையில் வெப்பம் 40 டிகிரியை எட்டும் இப்பகுதியில், தொலைவிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பேருந்தில் அனுப்பிய மாதிரியின் கதி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய மருத்துவமனைகளுக்கு நாம் வறியவர்கள் அல்லர். திருப்பதியில் 1960-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியும், அதனோடு இணைந்த ரூயா மருத்துவமனையும், 1993 முதல் இயங்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ விஞ்ஞான நிலையமும் உள்ளன. சித்தூருக்கு அண்மையில் வேலூரில் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி உள்ளது. ஆனால் காட்டோரக் கிராமத்து நோயாளி முதலில் வந்து நிற்பது இவ்வாயில்களில் அன்று. அவரை எப்போது மேலே அனுப்புவது என்று சிறிய நிலையமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அதற்கு ஓர் எளிய சோதனை உதவும். பாம்புக்கடி சிகிச்சையில் நம் கிராமப்புற மருத்துவர்கள் அறிந்த இருபது நிமிஷ உறைவுச் சோதனையே அது. சுத்தமான, ஈரமற்ற கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலிட்டர் இரத்தத்தை விட்டு, அசைக்காமல் 20 நிமிஷங்கள் வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடாது. சோப்புத் தூளால் கழுவிய குழாயும் கூடாது. இரத்தம் உறையாமல் வழிந்தால், நோயாளியை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். உறைந்துவிட்டால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. இச்சோதனை பெரிய குறைபாட்டை மட்டுமே காட்டவல்லது.

அறிக்கைக்குப் பின்

1960-களிலும் 1970-களிலும் மருத்துவர்களில் ஒரு சாரார், கடும் மலேரியாவில் மரணத்திற்குக் காரணமே நுண்குழாய்களில் இரத்தம் உறைவதுதான் என்று கருதி, உறைதலைத் தடுக்க ஹெப்பாரின் கொடுத்தனர். அதனால் நன்மை ஏற்படவில்லை. இரத்தக் கசிவு ஆபத்தே கூடியது. அம்முறை கைவிடப்பட்டது. அடிப்படைச் சிகிச்சை ஒட்டுண்ணியை விரைவில் அழிப்பதே என்பது தெளிவாயிற்று. கடும் மலேரியாவில் நரம்பு வழியாக ஆர்ட்டிசுனேட் கொடுப்பதன் பயனை, ஆசிய நாடுகளில் 1,461 நோயாளிகளிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு நிலைநாட்டியது. குயினின் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தனர். ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம் பேரே இறந்தனர்.

தட்டணுக்கள் பற்றியும் இதே நியாயந்தான். தகுந்த மருந்து தொடங்கிய சில நாட்களில் எண்ணிக்கை தானாகவே உயரத் தொடங்குகிறது. இரத்தம் கசியாத மலேரியா நோயாளிக்கு எண்ணிக்கை குறைவு என்ற ஒரே காரணத்திற்காகத் தட்டணு ஏற்றுவது பெரும்பாலும் தேவையில்லை. கூலி வேலை செய்யும் குடும்பம் ஒரு பை தட்டணுவுக்காகக் கடன் வாங்கும் நிலையில், ஆய்வுக்கூட அறிக்கையின் ஒரு வரி அக்குடும்பத்தைக் காப்பாற்றவும் கூடும், கெடுக்கவும் கூடும். தட்டணுக்கள் குறைவு என்று மட்டும் எழுதுவதற்குப் பதிலாக, மலேரியாவுக்காகப் பூச்சு பார்க்கப்பட்டது, முடிவு இது என்று சேர்த்து எழுதுவதால் செலவு ஒன்றும் கூடுவதில்லை.

செய்ய வேண்டியவை

அலுவலர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் மூன்று. முதலாவதாக, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழுள்ள எந்தக் காய்ச்சல் நோயாளிக்கும் மலேரியாப் பூச்சு கட்டாயம் என்பதை மாவட்ட ஆய்வுக்கூடங்கள் அனைத்திலும் வழக்கமாக்க வேண்டும். நோயாளி கடந்த ஒரு மாதத்தில் எந்த ஊரில் இருந்தார் என்பதற்கு விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும். இரண்டாவதாக, ஒட்டுண்ணி உள்ள பூச்சுக்களைச் சேமித்து, பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் மறுபயிற்சி அளிக்க வேண்டும். கண்ட பூச்சுக்களில் ஒரு பகுதியை வேறொருவர் மீண்டும் பார்ப்பது மலேரியாத் திட்டத்தின் பழைய நல்ல வழக்கம். நோய் குறைந்துவிட்டது என்று அதைக் கைவிடலாகாது. மூன்றாவதாக, சிட்ரேட் குழாய்கள், சாயங்கள், ஆர்ட்டிசுனேட் ஊசிமருந்து ஆகியவை மழைக்காலத்திற்கு முன்பே தாலுகா மருத்துவமனைகளைச் சென்றடைய வேண்டும்.

மாணவர்களுக்கு ஒன்று. விலையுயர்ந்த கருவிகள் உங்கள் கைக்கு வரும், வர வேண்டும். ஆயினும் அவற்றின் முன் அமரும்போது, கருவியில் இடப்பட்ட மாதிரி எங்கே, எவ்வாறு, எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கத்தை இன்றே வளர்த்துக்கொள்ளுங்கள்.

ரொனால்ட் ராஸ் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது ஒரு சாதாரண மைக்ராஸ்கோப்பின் வழியாகத்தான். இன்று நம் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டிய கருவி அது. மலேரியாவை அகற்றும் இறுதிக் கட்டத்தில், நாட்டில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு நோயாளியையும் நாம் தேடிக் கண்டறிய வேண்டியிருக்கிறது. அவர்களில் ஒருவர் நாளைக் காலை, தட்டணுக் குறைந்த காய்ச்சலோடு சித்தூரிலோ திருப்பதியிலோ ஓர் ஆய்வுக்கூடத்தின் வாயிலில் நிற்கலாம். அவருடைய இரத்தத்தைப் பூச்சாக்கிப் பார்க்கச் சில நிமிஷங்களே ஆகும். அந்தச் சில நிமிஷங்களை ஒதுக்குவது நம் அனைவரின் கடமை.